‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்காகப் பட்டான்செரு தாண்டிப் போனது

மணி பன்னிரண்டே கால். இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பையன் இப்போதுதான் தூங்கினான். நாளைக்கு எழுதலாம் என்று படுத்தும் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. தட்டுப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. நானும் என் கணவரும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சொந்தக் காசில் செட் வாங்கி, சம்பளமில்லாமல் பேசுகிறவர்கள். அவர் எட்டு வருஷமாக. நான் மூன்று மாதமாக.

போன சனிக்கிழமை குஷாய்குடாவில் ஒரு காலனி மைதானத்தில் கோடைக்கால முகாமின் நிறைவு விழா. மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை, நூற்றெண்பது குழந்தைகள், இரும்புக் குழாய்களில் கட்டிய ஒரு பெரிய ஷாமியானாவுக்குக் கீழே. ஹைதராபாத்தில் மே மாதச் சாயங்காலக் காற்றைப் பார்த்தவர்களுக்கு இதில் என்ன பயம் என்று சொல்ல வேண்டியதில்லை. மேகம் மேற்கே கட்டினால் குஷாய்குடா வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை முன்கூட்டிச் சொல்வதுதான் எங்கள் குழுவின் வேலை. கணவருக்கு மைதானத்தில் டியூட்டி. எனக்குப் பட்டான்செருவுக்கு அப்பால் ஒரு மேடு.

எல்லாரையும் கட்டுப்படுத்துகிறவர் பாஷ்யம் சார். மாரெட்பள்ளியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத் தமிழர், அதனால் பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும்: நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு. அவர் விதி எளிது. அரை மணிக்கு ஒரு தடவை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் எனக்குத் தகராறு. இரண்டு வாரம் முன்னால் மொட்டை மாடியிலிருந்து என் முதல் ரிப்போர்ட்டில் ஒரு சின்ன மேகத்தில் ஆரம்பித்து, மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், லிஃப்ட்டில் யாராவது இருந்தால் என்ன ஆகும் என்று போய்க்கொண்டிருந்தேன். அவர் வெட்டிவிட்டார். “மேகம் எங்கே இருக்கு மா? நீ லிஃப்ட்ல மாட்டிண்டே. இந்தத் தடவையும் இப்படின்னா ஜூன் ரோஸ்டர்ல உன் பேர் நக்கோ.” வேலையை விட்டு மூன்று வருஷம் ஆன எனக்கு, அந்த ரோஸ்டரில் பெயர் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரிடம் சொல்லவில்லை.

காலை 10.40க்கு மாரெட்பள்ளியில் கிளம்பினோம். நான், மூன்று வயது நிகில், வாடகை இண்டிகா, டிரைவர் யாதகிரி. எட்டு மணி நேரத்துக்கு 1,150 ரூபாய், டிரைவர் பேட்டா நூறு தனி. பட்டான்செரு 34 கிலோமீட்டர், மேடு அங்கிருந்து இன்னும் 11. கூகட்பள்ளியில் மட்டும் முப்பத்தைந்து நிமிஷம் நின்றோம். செட்டின் ஆண்டெனாவைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்த யாதகிரி மெதுவாகக் கேட்டார்.

“ஆப் போலீஸ், மேடம்?”

இல்லை என்றேன். மிலிட்டரியா என்றார். அதுவும் இல்லை, மழை பார்க்கப் போகிறோம் என்று என் ஹிந்தியில் சொன்னேன். இரண்டு கிலோமீட்டர் யோசித்தார்.

“பாரிஷ் தேக்னே கைக்கு இத்தா தூர்? கர்கு ஆத்தி நா.”

மழை பார்க்க எதற்கு இவ்வளவு தூரம், வீட்டுக்கே வருமே என்கிறார். பட்டான்செருவில் டீ (நான்கு ரூபாய், நன்றாக இருந்தது) குடித்து 12.25க்கு மேட்டுக்கு வந்தோம். மேற்கே இருபது கிலோமீட்டர் வரை தடையில்லாமல் தெரிகிறது. நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. மொபைலில் ஒரு கோடுகூட இல்லை, அதனால்தான் ரேடியோ.

ஒரு மணி: ஒன்றுமில்லை. ஒன்றரை: “ஒன்றுமில்லை, ஆனால்...” “ஆனால் நக்கோ மா.” இரண்டு, இரண்டரை, மூன்று: ஒன்றுமில்லை. நாற்பத்தைந்து கிலோமீட்டர் வந்து ஐந்து தடவை ஒன்றுமில்லை என்று சொன்ன திருப்தியில் இருந்தபோது நிகில் ஆண்டெனாவைப் பிடித்து வளைக்க ஆரம்பித்தான். மூன்று மணி ஆறு நிமிஷத்துக்குச் செட்டைப் பறித்து, அவன் துணிப் பையில் பால் ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்தில் செருகினேன். அடுத்த ரிப்போர்ட் வரை ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. இன்று எல்லாரும் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

யாதகிரி இதற்கெல்லாம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். சம்பளமே கிடையாது, என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் வாங்கவேண்டிய பணத்தில் இந்தச் செட்டை வாங்கினார், நான் கையால் துவைக்கிறேன் என்றேன். பிறகு நிகிலிடம் பாஷ்யம் சாரைப் பற்றி, “அந்த மாமாவுக்கு ஒண்ணுமில்லன்னாலும் கோவம், ஏதாச்சும் இருந்தாலும் கோவம். வீட்ல மாமி பேசவிடமாட்டாங்க போல எய்யா, அதான் ரேடியோவுல பேசுதாரு” என்று சொன்னதும் நான்தான்.

அப்புறம் மேற்கே இருட்டியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைக்கு முன்னால் அதைக் காட்ட முடியுமா. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவனை மடியில் வைத்துக்கொண்டேன். பிளேஸ்கூல் போனதிலிருந்து எதைப் பார்த்தாலும் அவனுக்குத் தெலுங்கில் ஒரே கேள்வி, இது என்ன என்று.

“இதேன்டி?”

“கறுப்பு மேகம் எய்யா. கீழ சுவர் மாதிரி நேரா இருக்கு பாரு. நம்மளப் பாத்து வருது.”

“இதேன்டி?”

“காத்து. அந்தா, லாரி மேல கெடந்த தார்ப்பாய் பிச்சுக்கிட்டுப் போகுது. டாட்டா சொல்லு.”

“இதேன்டி?”

“ஐஸ்கட்டி. சுண்டைக்காய் அளவு இருக்கு. இந்தா, இது கோலிக்குண்டு.”

“இதேன்டி?”

“மின்னல். எண்ணுவோமா? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. இடி வந்துட்டு. அப்போ ரெண்டு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு.”

மூன்றரைக்கு ரிப்போர்ட் கொடுக்கப் பையைத் திறந்தேன். செட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபிளாஸ்க் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. செட் தோசைக்கல் மாதிரி சுட்டது.

ரேடியோ தெரியாதவர்களுக்கு: ஒருவர் பொத்தானை அழுத்தினால் அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. அவருக்கும் எதுவும் கேட்காது. இருபத்து நான்கு நிமிஷம் ஊர் முழுவதற்கும் வாயைக் கட்டிவிட்டு நான் தார்ப்பாய்க்கு டாட்டா காட்டியிருக்கிறேன். நூற்றெண்பது குழந்தைகள். அந்த இரும்புக் குழாய்கள். ஃபிளாஸ்க்கை இழுத்தேன்.

“...கேக்கறதா மா? பொத்தான விட்டுட்டியா?” பாஷ்யம் சார்.

“சார், குஷாய்குடா?”

“ஷாமியானாவ இறக்கியாச்சு. பசங்க எல்லாம் பக்கத்து ஸ்கூல் கட்டடத்துல. சமோசா சாப்பிடறா.”

“யார் சார் சொன்னாங்க?”

“நீதானே சொன்னே. சுவர் மாதிரி மேகம்ன உடனே உன் வீட்டுக்காரர் பசங்களை எழுப்பிட்டார். தார்ப்பாய் பறந்ததும் உள்ள அனுப்பிட்டார். கோலிக்குண்டு வந்தப்போ கயிறு அவுத்தாச்சு. இதுவரைக்கும் நீ குடுத்த ஒரே சுத்தமான ரிப்போர்ட் இதுதான் மா. கைக்கு என்கிட்ட மட்டும் அப்படிப் பேசறே?”

“சாரி சார். வேற ஏதாவது கேட்டுச்சா சார்?”

“ஹவ். மாமியும் பக்கத்துலதான் இருக்கா.”

4.25க்குக் காற்று குஷாய்குடாவைத் தொட்டது. கழற்றாமல் விட்டிருந்த இரண்டு குழாய்கள் வளைந்துபோயின. மேடையின் பின்துணி பள்ளிக் காம்பவுண்டுச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி என் கணவர் வந்து, சாப்பிடுவதற்கு முன்பே, “வாஷிங் மெஷின் என்ன கம்பெனி வேணும்?” என்றார். வழியில் நான்கு பேர் அவரிடம் விசாரித்தார்களாம்.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டுக்கே கிளம்புங்கள், கூகட்பள்ளியைத் தப்பலாம். தண்ணீர் நான்கு லிட்டர். மின்னல் வந்தால் காருக்குள் இருங்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள். ஐஸ்கட்டி விழுந்து பானெட்டில் மூன்று பள்ளம், யாதகிரி பெரிய மனதோடு பழையது என்று சொல்லிவிட்டார். செட்டைக் கழுத்தில் மாட்டுங்கள், பையில் வைக்காதீர்கள். யோசித்துப் பார்த்தால், பயந்த அம்மாவால் ரிப்போர்ட் கொடுக்க முடியாது என்று நான் நினைத்தது பாதிதான் சரி. பயத்தைப் பிள்ளையிடம் மறைக்கிற குரல் ஒன்று எனக்கு இருந்திருக்கிறது, அது எனக்கே தெரியவில்லை.

இன்று சாயங்காலம் பாஷ்யம் சார் கூப்பிட்டார். ஜூன் ரோஸ்டரில் என் பெயர் இருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. பிள்ளையும் செட்டும் ஒரே ஆள் கையில் கூடாது. வருகிற சனிக்கிழமை கணவருக்கு வேறு இடத்தில் டியூட்டி. ஆகவே ஹைதராபாத்தில் இருப்பவர்களில் யாராவது ஒருவர் என்னோடு வர வேண்டும். உரிமம் தேவையில்லை, நிகிலைப் பிடித்துக்கொண்டால் போதும். கார் செலவு என்னுடையது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் பெயர் கொடுக்காவிட்டால் மேட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். வர முடிந்தாலும் முடியாவிட்டாலும் தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.