டின்னில் வைத்த கல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வெளியே லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் பழைய இன்ஜின் ஆயில் வாசனை ஒன்று உண்டு. வெயில் ஏற ஏற அது சாலையிலிருந்தே கிளம்பும். மற்றவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். எனக்குக் கடம்பத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு நெல்வயலும், அதில் புதிதாக வெட்டிய கிணறும், கரையில் குவிந்த கறுப்புக் கல்லும் ஞாபகம் வரும்.

அந்தக் கல்லுக்காகத்தான் அலைந்தேன். நிலவியல் ஆய்வாளர்கள் நாங்கள் அதை ஷேல் என்போம். ஒரு காலத்துச் சேறு, ஏடு ஏடாக இறுகிப்போனது. பிளந்தால் சில ஏடுகளில் இலை தெரியும், நரம்போடு, நேற்று உதிர்ந்ததுபோல. அந்த இலையும் பாசியும் ஆழத்தில் போதிய சூட்டில் வெந்தால் எண்ணெய். இன்னும் வெந்தால் வாயு. இங்கே பானையில் பருப்பு இருக்கிறதா, இருந்தால் வெந்ததா? எங்கள் ஆய்வு மொத்தமும் இந்த அடுக்களைக் கேள்விதான். மேலே கிடக்கும் கல் வெயிலிலும் மழையிலும் சாரம் போனது. அதனால் எங்கே கிணறு வெட்டினாலும் போய் நிற்பேன்.

நிலத்துக்காரர் வயதானவர். முதல் நாள் நான் கல்லை உடைத்து முகர்ந்து, ஒரு துணுக்கை முன்பல்லால் கடித்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மணல் கலந்திருந்தால் பல்லில் நறநறக்கும், வெறும் களி என்றால் வழுக்கும் என்று விளக்கினேன்.

"ஊட்ல நாஷ்டா குடுக்கலயா மா?" என்று கேட்டுவிட்டு, மனைவியை இட்லி கொண்டுவரச் சொன்னார்.

அடியில் வரும் கல்லை எடுத்து மூடி வைக்கும்படி சொல்லிவிட்டு வந்தேன். வைத்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் அது எண்ணெய் காட்டியது, கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் ஜீப்பில் கூட்டமாகப் போய் இறங்கினோம். அது போதாதா? எண்ணெய் கிடைத்துவிட்டது, நிலத்தை எடுக்கப்போகிறார்கள், கல்லைக் கொடுத்தவன் இவன்தான் என்று ஊரில் பேச்சு. டீக்கடையில், "இன்னா நைனா, எப்போ பெட்ரோல் பங்க் தொறக்கப்போற?" என்று கேட்டார்களாம். பக்கத்து வயல்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாற்றங்காலில் நாற்று வளர்ந்து நின்றது. எடுக்கப்போகிற நிலத்தில் நடுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கும் ஓர் உறுத்தல். ஆய்வு முடிவை மறுபடி பார்த்தபோது கல் சரியாக வேகாத கல். அதில் இருந்ததோ நன்றாக வெந்து, வடித்துச் சுத்தம் செய்த எண்ணெய். தனியாகப் போய், கல்லை எதில் வைத்திருந்தார் என்று கேட்டேன். பம்புசெட் அறையிலிருந்து ஒரு டின்னைத் தூக்கிவந்தார். இன்ஜின் ஆயில் டின். சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்துத்தான் போட்டாராம். அவரிடம் இருந்ததிலேயே இறுக மூடுவது அதுதான். முகர்ந்தேன். ஆய்வுக்கூடம் கண்டது இந்த ஆயிலைத்தான். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"அப்போ எங்க நெலத்துல ஒண்ணும் இல்ல, அதானே? டீக்கடையாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன் மா."

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே நடவுக்கு ஆள் கூப்பிட்டிருப்பார். ஆனால் எனக்குத் தெரிந்தது டின்னைப் பற்றி மட்டும். கல்லைப் பற்றி முடிவாக ஒன்றும் தெரியாது. அதைச் சொன்னேன். சுத்தமான கல் ஒன்று வேண்டும் என்றேன். கொடுக்க மனமில்லை என்றால் இனி வரமாட்டேன் என்றும் சொன்னேன்.

நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கிணற்றில் இறங்கி, அடிச்சுவரிலிருந்து ஒரு பாளத்தைப் பெயர்த்து வந்தார். நான் கொண்டுபோன அலுமினியத் தாளை விரித்தேன். அதில் வைப்பதற்கு முன் அவர் பாளத்தை உடைத்து, நான் செய்வதுபோலவே மூக்கருகே பிடித்தார். கடிக்கவில்லை. வரப்பு முடியும்வரை கூடவே வந்தார்.

"எண்ணெயோ தண்ணியோ, இன்னா வந்தாலும் மொதல்ல என்னாண்ட வந்து சொல்லு மா," என்றார். "டீக்கடையில கேட்டுக்க வெக்காத."