முத்து விழுந்த நாக்கு

எனக்கு வாய்த்த உத்தியோகம் ஊரார் வாயைப் பார்ப்பது. கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான் வேலை. வெற்றிலை போடுகிறவர்களின் வாயில் படரும் வெள்ளைத் தழும்புகளில் எது ஆயுசு முழுக்கச் சும்மா கிடக்கும், எது ஒருநாள் புற்றாகத் திரும்பும் என்று கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சிக் குழு எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்திருந்தது. குழுவிலிருந்த டொக்டர்களுக்குத் தமிழ் தெரியாது. றக்வானைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, டவுன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்து, சிங்களமும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிற நான் அவர்களுக்கு வாகாக அமைந்தேன். டோர்ச் பிடிப்பேன். வாயைத் திறக்கச் சொல்வேன். டொக்டர் கேட்பதைத் தமிழிலும், சனங்கள் சொல்வதைச் சிங்களத்திலும் மாற்றிச் சொல்வேன்.

காலையில் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்த கையோடு வரிசையில் வந்து நிற்பார்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால், கொப்பளித்துவிட்டுப் புதிதாக ஒன்றை மடித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். டொக்டர் முன்னால் வெறும் வாயோடு நிற்பது மரியாதை இல்லையாம். நான் தலையில் அடித்துக்கொண்டு திரும்பவும் பைப்படிக்கு அனுப்புவேன்.

ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. போகப் போகச் சிரிப்பு வற்றிவிட்டது. எதிரே நின்று வாயாடிக்கொண்டிருக்கிற அக்காவின் கன்னத்துக்குள் வெளிச்சம் அடித்தால், அவளுக்கே தெரியாத ஒன்று அங்கே வெள்ளையாகப் படர்ந்திருக்கும். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். வலித்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"டோர்ச் நோனா வாறா, வாய மூடுங்கடி" என்று மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். நான் வெளிச்சம் அடித்த ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு யாரும் கிண்டல் செய்யவில்லை. ஒற்றையடிப் பாதையில் நான் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டோர்ச் என் பைக்குள் இருக்கிறது, அணைத்துத்தான் வைத்திருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல் இருக்கும்.

அம்மா போன பிறகு லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவில் அப்பாவும் நானும்தான். அப்பா பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போவார். வெள்ளி, செவ்வாயில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை வைப்பார். திருவிழாவில் சாமி வருவது அவர் மேல்தான். எரிகிற கற்பூரத்தை நாக்கில் வைத்து, அது எரிந்து அடங்கிய பிறகு குறி சொல்வார். அம்மை போட்டால் கொப்பளத்தை முத்து என்பார்கள் இல்லையா, அப்பாவின் நாக்கில் இடது ஓரமாக இருந்த வெள்ளைத் தழும்புக்கும் எங்கள் தோட்டத்தில் அதே பேர்தான். ஆத்தா போட்ட முத்து. கற்பூரம் பட்டும் அந்த இடத்தில் சுடுவதில்லை என்று அப்பா சொல்வார். அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கைப்பிள்ளைக்கு விபூதி பூச வருகிறவர்கள் முத்தைக் காட்டச் சொல்லிக் கும்பிடுவார்கள். அப்பாவும் பெருமையாக நாக்கை நீட்டுவார். ஊரெல்லாம் போய் வாயைத் திறக்கச் சொன்ன நான், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வந்த அந்த நாக்கைத் தழும்பாக நினைத்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "புள்ள, கடவாயில முள்ளு மாட்டிக்கிச்சு, கொஞ்சம் பாரு" என்று தாமாகவே வாயைத் திறந்தார். டோர்ச்சை எடுத்து அடித்தேன். முள்ளை எடுத்த பிறகும் வெளிச்சத்தை எடுக்க முடியவில்லை. முத்தின் ஓரம் சிவந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். அடியில் தடித்து, கட்டியாக இருந்தது. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. விரலை எடுத்துவிட்டு, டோர்ச்சைத் திரும்பவும் அதே இடத்தில் அடித்தேன்.

"என்ன புள்ள, முத்தையே பாக்குற?" என்றார்.

"இது முத்து இல்லப்பா. வாங்க, டொக்டர்கிட்ட காட்டுவோம். கொஞ்சூண்டு வெட்டி எடுத்துப் பாப்பாங்க."

"ஆத்தா ஒக்காந்திருக்கிற எடத்த வெட்டுவாங்களா? ஒனக்கு என்ன புத்தி பெரண்டு போச்சா?"

டொக்டரிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். சிவப்பு, தடிப்பு, வலியில்லை. குழுவின் மூத்த டொக்டர் ஒரு பெண். அவர் முகம் மாறிவிட்டது. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கூட்டி வா, இப்போது எடுத்தால் ஆளைக் காப்பாற்றலாம், கழுத்துக்கு இறங்கிவிட்டால் பிறகு சொல்ல முடியாது என்றார். அப்பா அசையவில்லை. அழுது பார்த்தேன், சோறு ஆக்காமல் இருந்து பார்த்தேன். கோயில் தலைவரிடம் போய் நின்றேன். "திருவிழா வருது, இப்பப் போயி பூசாரி நாக்குல கத்தி வைக்கிறதா? தோட்டம் தாங்குமா?" என்று அவர் என்னையே ஏசி அனுப்பினார். படித்த திமிர் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பாவின் மேல், தலைவர் மேல், அந்தத் தழும்புக்கு முத்து என்று பேர் வைத்தவன் மேல்.

திருவிழா அன்று பின்னேரம் ஓடைக்கரையில் கரகக் குடம் சோடித்துப் பாலித்து மேலே கோயிலுக்குக் கொண்டு வந்தார்கள். பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் இருந்தவர்கள் உருத்தெரியவில்லை. தப்பு மேளச் சத்தம் மட்டும் நாலாபக்கமும் இருந்து வந்தது. அப்பாவுக்குச் சாமி வந்தது. கற்பூரத்தை வாங்கி நாக்கில் வைத்தார். பனிக்குள் அவர் முகம் தெரியவில்லை, எரிகிற வாய் மட்டும் தெரிந்தது. நான் எப்போதும் பின்னால் நிற்கிற ஆள். சாமி, குறி இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றைக்கு மட்டும் குறி கேட்கிற வரிசையில் போய் நின்றேன். வேறு வழி தெரியவில்லை.

"என்னடி மகளே, நீயும் வந்துட்டியா?" என்றது சாமி.

வீட்டில் அப்பா என்னைப் புள்ள என்றுதான் கூப்பிடுவார். மகளே என்று கூப்பிட்டதே இல்லை. "தாயே" என்றேன், பெற்ற அப்பாவைப் பார்த்து. "ஒங்க பூசாரி நாக்குல இருக்கிறது ஒங்க முத்துதானா? டொக்டர்மார் அத வெட்டணும்ங்கிறாங்க. உத்தரவு குடுங்க தாயே."

தப்பு நின்றுவிட்டது. தலைவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். சாமி கையை உயர்த்தி அவரை நிறுத்தியது. என் முகத்துக்கு நேராகக் குனிந்தது. கற்பூரமும் கருகிய வாசமும் அடித்தன. நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, மெதுவாகச் சிரித்தது.

"அங்க நான் இல்ல மகளே. அங்க வேற எவனோ ஒக்காந்திருக்கான். வெட்டி எடு."

கேட்டது நான்தான். எனக்கு வேண்டிய பதில்தான் வந்தது. ஆனாலும் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் என்று இருந்தது.

சாமி மலை ஏறி இறங்கிப் போன பிறகு அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. எப்போதும் அப்படித்தான். தண்ணீர் குடித்துவிட்டு, "ஏன் எல்லாரும் இப்புடி என்னையே பாக்குறாங்க?" என்று கேட்டார். தலைவரே சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. அப்பா செம்பைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம், "ஆத்தாவே சொல்லிட்டாளா? அப்ப எப்ப போறோம்?" என்றார்.

ஆஸ்பத்திரியில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி மருந்துத் தண்ணீர் போத்தலில் போட்டார்கள். வெட்டிய துண்டுகளை ஆய்வுகூடத்தில் சேர்ப்பதும் என் வேலைதான். குழுவின் வேனில் போத்தல்கள் அடுக்கிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அப்பா பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தார். வளைவுகளில் போத்தல்கள் ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொண்டன. அப்பா தூங்குகிறார், அவருடைய துண்டு ஒன்று மட்டும் என் மடியில் தூங்காமல் இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்து, வழி முழுக்கப் போகவில்லை.

புற்றுதான். ஆய்வுகூடத்து டொக்டர் நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதாவும் இளஞ்சிவப்புமாக உயிர்க் கலங்களின் ஒரே நெரிசல். நான் உயிரியல் படித்தவள், கேட்கக்கூடாத கேள்விதான். ஆனாலும் கேட்டேன். இது வெளியிலிருந்து உள்ளே வந்ததா?

"இல்லை. எல்லாம் அவருடைய சொந்தக் கலங்கள்தான்" என்றார் அவர். "அடங்கி இருக்க மறந்துவிட்டன, அவ்வளவுதான்."

வேற எவனோ என்று சாமி சொன்னதும் பயந்தேன். அவரேதான் என்று டொக்டர் சொன்னதும் அதைவிட அதிகமாகப் பயந்தேன். இன்றைக்கும் அந்தப் பயம் குறையவில்லை. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்க்காமல் நான் படுப்பதில்லை.

நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். எடுத்ததில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, "வச்சுக்கட்டும், நமக்கு எதுக்கு அந்த நாயி" என்று கையை ஆட்டிக் காட்டினார் அப்பா. காயம் ஆறி வீட்டுக்கு வந்தார். பேச்சு மட்டும் பழையபடி வரவில்லை. ரகரம், லகரம் எதுவும் வாயில் நிற்காது. கடைக்காரருக்கும் புரியாது, பக்கத்துக் காம்பராவுக்கும் புரியாது. கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு மட்டும் புரியும். பகலில் டொக்டர்களுக்கு மொழிபெயர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவை மொழிபெயர்த்தேன். இனி இங்கே அவர் பேச்சை நான் எழுதுவதெல்லாம் திருத்தி எழுதுவதுதான்.

அடுத்த திருவிழா வந்தது. சாமி இனி வேறு ஆள் மேல்தான் வரும் என்று பலர் நினைத்தார்கள். வரவே கூடாது என்று நான் நினைத்தேன். தப்பு அடித்ததும் அப்பாவுக்குத்தான் வந்தது. கற்பூரம் வைக்கவில்லை, டொக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றிருந்தார். சாமி பேசியது. குறி கேட்டு நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு சொல் விளங்கவில்லை.

தலைவர் என்னை முன்னால் தள்ளினார். "ஆத்தா என்ன சொல்றா? ஒனக்குத்தான் வெளங்கும், சொல்லு புள்ள."

கிட்டப் போய் நின்றேன். சாமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னது.

"அவன் போகல மகளே. கீழ எறங்கி ஒக்காந்திருக்கான்."

சனம் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இந்த வருசம் மழைக்குக் கொறவே இருக்காதாம்" என்றேன். எங்கள் மலையில் மழைக்கு எந்தக் காலத்தில் குறை இருந்தது? இருந்தாலும் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அப்பாவின் கிளினிக் தவணைக்கு இன்னும் நாள் இருந்தது. நான் பொறுக்கவில்லை. அதே வாரம் கூட்டிப் போனேன். அவரை உள்ளே அனுப்புவதற்கு முன்னால் அங்கே இருந்த குழு டொக்டரைத் தனியாகப் பிடித்து, நாக்குக்குக் கீழே பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பார்த்தார், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாக்கு வாயின் அடித்தரையோடு சேருகிற மடிப்புக்குள், மிளகளவுகூட இல்லாத ஒரு சிவப்பு. துண்டெடுத்துப் பார்த்தார்கள். அதுவும் அதேதான். ஆனால் சின்னது, ஆழம் போகாதது. அதையும் எடுத்தார்கள்.

"இது கண்ணுக்கே தெரியாதே. வலி இருக்கிறது என்றாரா?" என்று டொக்டர் பிறகு என்னைக் கேட்டார்.

"இல்லை. சும்மா, மனது கேட்கவில்லை" என்றேன். ஆராய்ச்சி செய்கிறவரிடம் வேறு என்னத்தைச் சொல்ல?

அப்பா இருக்கிறார். கஞ்சியும் குழைத்த சோறுமாகத் தேறிவிட்டார். வெற்றிலையைத் தொடுவதில்லை. அவரே சில பேரைப் பிடித்துக்கொண்டு வந்து என் டோர்ச்சுக்கு முன்னால் நிறுத்துகிறார். இந்த வருடத் திருவிழாவுக்குப் பந்தல் கால் நட்டாகிவிட்டது. கோயில் பக்கம் யாராவது தப்பைக் காய்ச்சித் தட்டிப் பார்த்தாலும் நான் கைவேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கிறேன்.

நேற்று வாசலில் உட்கார்ந்து பூசை மணியைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார் அப்பா. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலேயே பேசினார்.

"இந்த வருசமும் பக்கத்துலயே நில்லு புள்ள. ஆத்தா என்னா சொல்றாளோ, அத அப்புடியே எங்கிட்ட வந்து சொல்லணும். போன வருசம் மாதிரி மழைன்னு சொல்லி ஏமாத்திப்புடாத."

சாமி மலை ஏறினால் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அன்றைக்கு அது என்ன சொன்னது என்று இந்த நிமிடம் வரை நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

"சரிங்கப்பா" என்றேன். அவர் மணியைத் துடைத்து, சத்தம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.