மார்லிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தது

அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்ற மாநிலத்திலிருந்து மார்லிஸ் எங்கள் ஜெர்மன் கிராமத்துக்கு வந்தபோது அவளுக்கு நாற்பது வயது. எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஃபோல்க்மாரைக் கட்டிக்கொண்டு வந்தவள். அடுத்த வீடு என்பதால், அவளோடு முதல் மனத்தாங்கல் எனக்குத்தான் வந்தது.

வேலியோரம் என்னைப் பார்த்து, "ஒருநாள் வீட்டுக்கு வாங்க, காபி குடிக்கலாம்" என்றாள்.

"எந்த நாள்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சில வாரம் காத்திருந்தேன். பிறகு போய்க் கதவைத் தட்டினேன்.

"கூப்பிட்டீங்க, நாள் சொல்லல. ஏன்?"

"எங்க ஊர்ல அது சும்மா அன்பாச் சொல்றதுங்க."

"இங்க அது வாக்கு."

முகம் சிவந்து நின்றவள், அப்போதே என்னை உள்ளே அழைத்துக் காபி போட்டாள். அன்றைக்கே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் எல்லோரும் சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள். நானும் அதில் இருக்கிறேன். கூரை வேலை செய்யும் என் தம்பி ஓர்ட்வின்தான் தலைவன். தானும் சேர வேண்டும் என்று மார்லிஸ் வந்து நின்றாள்.

முதல் பயிற்சியிலேயே எல்லோர் முன்னாலும் ஓர்ட்வின் சொன்னான்: "தப்பு. குழாய் சரியாப் பூட்டல. தண்ணி வந்திருந்தா யாருக்காவது பல்லு போயிருக்கும். மறுபடி செய்." அவள் சிரித்த முகத்தோடு மறுபடி பூட்டினாள். "ரொம்ப மெதுவு. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

என் சமையலறைக்கு வந்துதான் அழுதாள். "உன் தம்பிக்கு என்னைப் பிடிக்கல. எங்க ஊர்லன்னா முதல்ல ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாங்க, அப்புறந்தான் குறை."

"பிடிக்கலன்னா வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பான். மறுபடி செய்யச் சொல்லியிருக்க மாட்டான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அடுத்த வாரமும் போறேன்."

குளிர்காலம் முழுக்க முற்றத்தில் குழாயைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். விரல் விறைத்தாலும் விடவில்லை. வசந்தத்தில் படையில் சேர்வதற்கான தேர்வில் தேறினாள்.

அந்தக் கோடையில் வெண்டல் என்ற கிழவரின் லாயம் பற்றிக்கொண்டது. குதிரையை வெளியே கொண்டுவந்துவிட்டோம். கிழவர் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. "கூரை விழப்போகுது, செத்துடுவீங்க" என்று நாங்கள் கத்தினோம். அது உண்மைதான். ஆனால் அவர் அசையவில்லை. மார்லிஸ் அவர் தோளில் கைவைத்து, சந்தையில் பார்த்தவள் போல, "குதிரை பேரு என்னங்க?" என்றாள். அவர் பேர் சொன்னார். வயது கேட்டாள், என்ன தின்னும் என்று கேட்டாள். பேசிக்கொண்டே அவரைத் தெருவரை நடத்திக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வந்தவள் கண்ணில் ஓர்ட்வின் லாயத்துச் சுவரில் ஏணி சாத்துவது பட்டது. "ஓர்ட்வின், தப்பு! சுவர் வெளிய சாயுது. ஏணியை எடு!" என்று கத்தினாள். அவன் ஒரு கணம் பார்த்துவிட்டு ஏணியை எடுத்தான். சற்று நேரத்தில் சுவர் அங்கேயே விழுந்தது.

எல்லோர் முன்னாலும் கத்தியதற்காகப் பிறகு அவனிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவனுக்குப் புரியவே இல்லை. "நீ சொன்னது சரிதானே? அப்புறம் எதுக்கு மன்னிப்பு?"

சில வருடம் கழித்துப் படையில் துணைத்தலைவர் இடம் காலியானது. அதற்கான படிப்பை முடித்திருந்த மார்லிஸ் கூட்டத்தில் எழுந்து, "இந்தப் பொறுப்பு எனக்கு வேணும். நான் நல்லாச் செய்வேன்" என்றாள். எங்களில் யாரும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. கூட்டம் நெளிந்தது. ஆனாலும் ஓட்டெடுப்பில் ஜெயித்தாள்.

முடிந்ததும் எங்கள் படையில் இருக்கும் கார்ஸ்டன் நேரே அவளிடம் வந்தான். "நான் உனக்கு ஓட்டுப் போடல."

"ஏன்?"

"உனக்கு வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியல."

இந்த முறை அவள் என் சமையலறைக்கு வரவில்லை. மறுநாள் காலை தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தேன். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் குறுகிய சந்துக்குள் மார்லிஸ் வண்டியைப் பின்னோக்கி விட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தவன் கார்ஸ்டன்.