சத்தியம் கேட்காத டாக்டரம்மா

எங்கள் வீட்டுக்காரர் சத்தியம் செய்யாத சாமி காஞ்சிபுரத்தில் பாக்கி இல்லை. காமாட்சி சந்நிதியில் ஒன்று, வரதர் கோயில் கொடிமரத்தடியில் ஒன்று, ஏகாம்பரநாதர் மாமரத்தைத் தொட்டு ஒன்று. தெருமுனைப் பிள்ளையாருக்குத்தான் அதிகம், பக்கத்தில் இருந்ததால். இனிமேல் குடிக்க மாட்டேன் என்பதுதான் எல்லா இடத்திலும் சத்தியம்.

அவரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. பட்டுத் தறியில் அவர் கை பேசும். கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் ஒவ்வொரு இழையாகக் கோர்த்து நெய்ய வேண்டும். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து உடல் நெய்வார். நான் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா, அதாவது ஊடை நூல் ஓடுகிற கட்டை, போடுவேன். எங்கள் தெருவில் கோர்வை போடுவதில் என்னை மிஞ்சின பெண் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக் கடை திறந்த காலம் அது. அதுவரை குடி என்றால் ஒளிவு மறைவாக எங்கோ ஓடைப் பக்கம் நடக்கும். இப்போது கடைத்தெருவுக்குப் போகிற வழியிலேயே பலகை மாட்டிக் கடை வந்துவிட்டது. அமாவாசையன்று எங்கள் பக்கம் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் குழியில் கிடந்த மனிதர்களுக்கு அன்று கை சும்மா இருக்கும். அமாவாசைக்கு ஆரம்பித்தால் எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம் தறிப்பக்கம் வரமாட்டார். வந்தாலும் கை நடுங்கும். பட்டு இழை நடுங்குகிற கைக்குத் தாங்குமா? அறுந்துகொண்டே இருக்கும்.

தென்னேரியிலிருந்து என் தம்பி வந்தான். கூடத்தில் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, இன்னும் என்னாத்துக்கு இங்க கெடக்கற? துணிமணிய மூட்டை கட்டு. கொழந்தைய தூக்கிக்கினு வா."

"இன்னொரு தரம் தவறட்டும்டா. அப்புறம் என்னை நீ கூப்பிடவே வேண்டாம், நானே வந்துடறேன்" என்றேன்.

வாய்ச்சொல்லுக்காகச் சொல்லவில்லை. மனதில் முடிவு செய்துதான் சொன்னேன். அது என் மாமியார் காதில் விழுந்துவிட்டது. மருமகள் போய்விட்டால் தறியும் நின்றுவிடும், குடும்பமும் நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். பழைய சத்தியமெல்லாம் போதாது என்று, இரண்டாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் ஒரே மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யும்படி மகனிடம் சொன்னார். அவரும் செய்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த அமாவாசைக்குக் குடித்தார். அதற்கு அடுத்த நாள் குழந்தைக்குக் காய்ச்சல்.

மனிதர் உடைந்து போனார். குழந்தை பக்கத்தில் வரவே பயந்தார். தான் தவறியதால்தான் சாமி பிள்ளைமேல் கை வைத்துவிட்டது என்று எண்ணி, அந்தப் பயத்தை மறக்க இன்னும் குடித்தார். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் தென்னேரிக்கு எப்படிப் போவது? ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரும் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சுச் சளி, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று வார்டில் படுக்க வைத்தார். இவர் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நர்சம்மா என்னிடம் வந்து, "மெட்ராஸ்லேர்ந்து ஒரு அம்மா வாரத்துக்கு ஒரு நாள் வர்றாங்க. குடிக்கறவங்க, சண்டை போட்டுக்கறவங்க எல்லாரோடயும் பேசுவாங்க. இன்னைக்கு இருக்காங்க. ரெண்டு பேரும் போங்க" என்றார்.

பேசுவதற்கு ஒரு டாக்டரா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்த அறையில் மருந்து இல்லை, ஊசி இல்லை. நான்கு மர நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பானை. அந்த அம்மாவுக்கு முப்பது வயதிருந்தால் அதிகம். எங்கள் இருவரையும்விடச் சின்னவர். கழுத்தில் தாலி இல்லை. தென்னேரி ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர், அவர் அப்பா பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்து படிக்க வைத்தார் என்று பிற்பாடு அவரே சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் வாசற்படி அருகிலேயே குந்திக்கொண்டு அழுதார்.

"அண்ணே, எதுக்கு அழுவுறீங்க?"

"கொழந்த தல மேல கை வெச்சி சத்தியம் பண்ணேம்மா. தவறிட்டேன். அதான் காய்ச்சல்."

அந்த அம்மா வார்டுப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க அத்தினி பிள்ளைங்க காய்ச்சலா படுத்துக்கினு இருக்குதுங்க. அத்தினி பேரோட அப்பனும் சத்தியம் தவறினவங்களாண்ணே?"

இவர் அழுகையை நிறுத்திவிட்டு வார்டையே பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. உடனே பழைய பழக்கம் வந்துவிட்டது. எழுந்து கையை நீட்டிக்கொண்டு போனார்.

"இனிமே தொடமாட்டேம்மா, உங்க மேல சத்தியமா..."

அந்த அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "என் மேல வேண்டாண்ணே. நான் பஸ் ஏறி பத்திரமா மெட்ராஸ் போய்ச் சேரணும்."

இவர் சிரித்துவிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு அது.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலேயே அவரைச் சில நாள் படுக்க வைத்து, கை நடுக்கத்துக்கு மருந்து கொடுத்தார்கள். ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் அப்பன், நடுவில் நான் கஞ்சித் தூக்கோடு நடந்தேன். குழந்தை தேறிவிட்டாள். தம்பிக்கு, இப்போது வர முடியாது, பிறகு சொல்கிறேன் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் வாரம் தவறாமல் அந்த அறைக்குப் போனோம். என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"கல்யாணமே ஆவாத பொண்ணு புருஷன் பொண்டாட்டிக்கு நாயம் சொல்றாளா? அது போவட்டும், அங்க தண்ணி கிண்ணி குடிச்சியாடி?"

"குடிச்சேன் அத்தை. ரெண்டு டம்ளர். நல்லா சில்லுனு இருந்தது" என்றேன்.

அந்த அறைக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு சாண் இடைவெளியில் உட்கார்ந்து நாள் முழுக்க நாடா போடுகிறவர்கள். ஆனால் பல மாதமாக எங்களுக்குள் நேர்ப்பேச்சு இல்லை. "சாப்ட்டுட்டுப் போவச் சொல்லுங்க அத்தை", "பசியில்லன்னு சொல்லும்மா" என்று எல்லாம் மாமியார் வழியாகத்தான் போய் வரும். அங்கேயும் அதே பழக்கத்தில் ஆரம்பித்தேன்.

"டாக்டரம்மா, கூலி வாங்கினா வீட்டுக்கு வராம எங்க போறாருன்னு அவரக் கேளுங்க."

"நான் டாக்டரும் இல்ல, தபால்காரியும் இல்லைங்கம்மா. பக்கத்துலதான உக்காந்துக்கினு இருக்காரு. நீங்களே கேளுங்க."

மூன்று பேரும் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாவுக்கு அவசரமே கிடையாது. எங்களுக்குப் பதிலாகப் பேசி அந்த இடத்தை நிரப்பவும் மாட்டார். கடைசியில் எங்கள் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

"காலைல கை நடுங்குது. நடுங்கினா நூல் அறுவுது. அறுந்தா இவ ஒரு பார்வை பாப்பா. வாயத் தெறந்து திட்டினாக்கூட தாங்கிக்குவேன். அந்தப் பார்வைக்குத்தான் எழுந்து ஓடறேன்."

நான் பதிலுக்குப் பாய வாயெடுத்தேன். அந்த அம்மா கையைக் காட்டித் தடுத்தார். "பதில் அப்புறம். இப்ப அவர் சொன்னத நீங்க ஒரு தரம் சொல்லுங்க. அவர் சொன்ன மாதிரியே."

"நூல் அறுந்தா நான் பாக்கற பார்வைய இவரால தாங்க முடியலியாம்." அவர் சொன்னபோது குற்றச்சாட்டாகக் கேட்டது, என் வாயால் சொன்னபோது வேறு மாதிரி இருந்தது. அது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளக்கத் தெரியாது.

பிறகு என் முறை. "அமாவாசை வந்தா விடிஞ்சதுலேர்ந்து வாசல்ல இவர் செருப்பு இருக்குதான்னு பாத்துக்கினே இருக்கேன். சோறு எறங்க மாட்டேங்குது."

அவர் அதைத் திருப்பிச் சொன்னார். "இவ என் செருப்பையே பாத்துக்கினு சாப்பிடாம இருக்கறா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நெசமாவா?"

அதுதான் எங்கள் நேர்ப்பேச்சின் முதல் வார்த்தை.

அமாவாசைதான் ஆபத்தான நாள் என்று தெரிந்ததும், அந்த அம்மா தன் முறை நாளை மாற்றிக்கொண்டு அமாவாசையன்றும் வர ஆரம்பித்தார். சத்தியம் மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ரொம்பச் சாதாரணம். "வீட்லேர்ந்து கடைத்தெருவுக்கு எந்த வழியா போறீங்கண்ணே? யாரு கூப்பிடறாங்க? வேற வழி இருக்குதா?"

"இருக்குது. சுத்து."

"சுத்தா இருந்தா என்னா? அன்னைக்குத்தான் தறி ஓடாதே, என்னா அவசரம்?"

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. ஆடி அமாவாசைக்குத் தவறினார். அடுத்த வாரம் அந்த அம்மா வந்த நாளில் அவரை இழுத்துக்கொண்டு போனேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று. அந்த அம்மா ஏன் குடித்தீர்கள் என்றே கேட்கவில்லை.

"முன்னெல்லாம் ஆரம்பிச்சா ஒரு வாரம் ஓடும்னு சொன்னீங்களே. இந்தத் தடவை ஒரே நாள்ல எப்படிண்ணே நின்னுது?"

அவர் யோசித்தார். "முன்னல்லாம் சத்தியம் ஒடைஞ்சிடும். ஒடைஞ்சது ஒடைஞ்சிடுச்சு, இனிமே எவ்வளவு குடிச்சா என்னான்னு தோணும். இப்ப ஒடையறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் எழுந்து வீட்டுக்கு வந்துட்டேன்."

அந்த அம்மா முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் தானே பாஸானது போல இருந்தது. எத்தனை கோயில் ஏறி இறங்கினோம், எங்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. சாமி மேல் குற்றமில்லை. கேட்டவர்கள் கேட்ட விதம் அப்படி.

ஐப்பசி வாக்கில் அந்த அம்மாவுக்கு வேலூருக்கு மாற்றலாகிவிட்டது. போகும்போது இவருக்கு ஒரு புத்திமதி கிடையாது. என்னிடம் மட்டும், "அண்ணன் எப்படி இருக்காருன்னு நீங்க செருப்பப் பாத்துத் தெரிஞ்சிக்காதீங்க. அவரையே கேளுங்க" என்றார்.

அவர் போன பிறகு வந்த முதல் அமாவாசை. தம்பி மறுநாள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். தம்பி சொன்ன அன்றே நான் கட்டி வைத்த மூட்டை இன்னும் பரண்மேல் அப்படியேதான் இருந்தது, நான் பிரிக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் மாமியார் ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்து என் கையில் கொடுத்தார்.

"அவதான் போயிட்டாளே. இனிமே நமக்குச் சாமிதான். வெளிய போறதுக்கு முன்னால சத்தியம் வாங்கிக்கோ."

இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தட்டைப் பார்த்தார். முகம் அந்த நிமிடமே பழைய முகமாகிவிட்டது. கையைக்கூட நீட்டத் தயாராகிவிட்டார். வாங்கிவிட்டால் எனக்கு அன்று ஒரு வேளைக்கு நிம்மதி. ஆனால் அது எத்தனை வேளைக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா?

தட்டைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரத்தை ஏற்றிக் கும்பிட்டேன். திரும்பி வந்து கேட்டேன்.

"இன்னைக்கு எப்படிங்க இருக்குது?"

"நல்லா இல்ல" என்றார். "நீயும் கூட வர்றியா?"

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கல்யாணத்துக்கோ சாவுக்கோ தவிரச் சேர்ந்து தெருவில் நடக்க மாட்டார்கள். அப்போதும் அவர் முன்னால், நான் பின்னால். அன்று பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

"என்னாமே, மாப்பிள்ளை பொண்ணு ஊர்வலமா?"

"ஆமாம்மே. நீ மேளம் அடிச்சிக்கினு பின்னாலயே வா!"

தெரு முடிகிற இடத்தில் வழி இரண்டாகப் பிரியும். நேரே போனால் கடை. அதன் வாசலில் இவருடைய கூட்டாளிகள் நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. ஒருவன் கையைத் தூக்கிக் கூப்பிடவும் செய்தான். நான் இவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இழுக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது.

"எந்தப் பக்கம் போலாம்?" என்றேன்.

அவர் கூட்டாளிக்குப் பதிலுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு, "சுத்தியே போவோம்" என்று திரும்பினார்.

வேகவதி ஆற்று மணலைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் போனோம். சமணர் கோயில் மதில் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். தறியில் ஏற்றப்போகிற அடுத்த பாவுக்கு மாம்பழ நிறத்தில் உடலும் அரக்குக் கரையும் போடலாம் என்றார். அரக்கு வேண்டாம், பச்சை போடுங்கள் என்றேன். அதற்கு ஒரு சண்டை போட்டோம், சண்டை போட்டுக்கொண்டே வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்தோம். பச்சைதான் போட்டோம்.

மறுநாள் தம்பி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் தறியில் இருந்தோம். பரண்மேல் இருந்த மூட்டையை அவனையே இறக்கச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுத் தனியாக ஊருக்குப் போனான்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் அரசாங்கம் சாராயக் கடைகளை மூடிவிட்டது. அந்த இடத்தில் சைக்கிள் கடை வந்தது. நேர்வழியில் போக இனி எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அவர் இருந்தவரை, அமாவாசை தோறும் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். பிரிகிற இடத்தில் நான் கேட்பேன், எந்தப் பக்கம் என்று. சைக்கிள் கடைக்காரனைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சுத்தியே போவோம் என்பார்.