கதிரை நேராக்கிய தகப்பன்

“…கதிரையெல்லாம் நேரத்துக்கு அங்கை போய்ச் சேரும். கதிரைக்கு என்ன வெக்கம், பிள்ளை? நான்தான் வரேல்லை. அந்தச் சேட்டு உன்னட்டையே கிடக்கட்டும்.”

அக்காவின் கணவர், என் அத்தான், எங்கள் வீட்டு வாசல் படலையடியில் நின்று இதைச் சொன்னார். பின்னால் அவருடைய சின்ன லொறி நின்றது. வாடகைக்கு விடுகிற பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அன்று பின்னேரம் உடுவிலில் எங்கள் சனசமூக நிலைய முற்றத்தில் ஒரு படம் காட்ட இருந்தார்கள். அத்தான் நடித்த படம். அவர் போட்டுக்கொண்டு போவதற்கென்று அக்கா துணி வாங்கித் தந்து நான் தைத்த சேட்டு, மடித்தபடி என் கையில் இருந்தது.

அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ, என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைக்கிற ஒருவரின் குரலில் பேசினார். அதுதான் என்னைக் கொன்றது. அவர் வராமல் விடுவதற்குக் காரணமே நான்தான்.

நான் தையல்காரி. பள்ளிக்கூடத்தைச் சாதாரண தரச் சோதனையோடு விட்டவள். ஆனால் படம் என்றால் எனக்குப் பசி மாதிரி. யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களுக்கு வருகிற புதுப்படங்களைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதுகிறேன். மற்ற விமர்சகர்கள் ஒளிப்பதிவு, திரைக்கதை என்று எழுதுவார்கள். அந்தப் பாஷை எனக்கு வராது. நான் இடைவேளையில் பெண்களின் கழிப்பறை வரிசையில் போய் நிற்பேன். உலகத்தில் எந்த விமர்சகரும் அந்த வரிசையை வெல்ல முடியாது.

ஒரு பேய்ப்படத்துக்கு அங்கே ஒருத்தி சொன்னாள்: “பேய் பாவம், வந்து வந்து போகுது. பாட்டுத்தான் பிடிச்சா விடுகுதில்லை.” ஒரு காதல் படத்துக்கு இன்னொருத்தி: “உவை ரெண்டு பேரும் ஒருக்கா வாயைத் திறந்து கதைச்சிருந்தால் நாங்கள் இப்ப வீட்டை போய்ப் புட்டு அவிச்சிருப்பம்.” அடிதடிப் படமொன்று முடிந்து வெளியே வந்த ஒரு மனுசி, “இவ்வளவு பேரை அடிச்சவன் ஒருக்காலும் களைச்சுத் தண்ணி கேக்கேல்லை, பாத்தனியே?” என்றாள். குடும்பப் படம் ஒன்றைப் பற்றி, “கறியிலை உப்புக் கூடினால் தேங்காய்ப்பால் விடலாம், படத்திலை அழுகை கூடினால் என்ன செய்யிறது?” என்று ஒரு ரீச்சர் கேட்டார். இதையெல்லாம் பொறுக்கி எடுத்துத்தான் என் அரைப்பக்கம் நிறையும். சனங்கள் வாசித்துச் சிரித்தார்கள். சந்தையில் கண்டால், “போன கிழமை நல்லாக் குடுத்தியள்!” என்றார்கள். அந்த ‘குடுத்தியள்’ என்ற சொல்லுக்கு நான் ஆசைப்பட ஆரம்பித்ததை இப்போதுதான் யோசிக்கிறேன்.

அத்தான் நடிக்கப் போனவர் இல்லை. கதிரை கொடுக்கப் போனவர். உடுப்பிட்டிப் பக்கத்துப் பெடியன் ஒருவன் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து எடுத்த படம் அது. அதில் ஒரு மகனின் சாவீடு வருகிறது. அதற்குப் பந்தலும் கதிரையும் அத்தானுடையவை. தகப்பனாக நடிக்க இருந்தவர் மயிலிட்டியில் இருந்து வரவேண்டியவர். அன்று வலையில் நல்ல மீன் பட்டதாம், கடலை விட்டு வரவில்லை. கதிரை இறக்கிக்கொண்டு நின்ற அத்தானைப் பார்த்து அந்தப் பெடியன் கேட்டிருக்கிறான்: “ஐயா, பெட்டி வருது. நீங்கள்தான் தகப்பன். வேறை ஒண்டும் செய்ய வேண்டாம், நிண்டால் காணும். நிப்பியளோ?” அத்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு “ஓம்” என்றாராம்.

அந்த ‘ஓம்’ எங்கள் வீட்டில் பெரிய கதை. ஏனென்றால் அக்காவின் ஒரே மகன், என் பெறாமகன், சில வருடங்களுக்கு முன் காய்ச்சலில் போய்விட்டான். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்துக்கொண்டிருந்தவன். அதற்குப் பிறகு அத்தான் சனத்துக்குள் இருந்ததே இல்லை. கலியாண வீடோ சாவீடோ, கதிரையை இறக்கிப் பரப்பிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். தான் கொண்டுபோன கதிரையில் ஒருநாளும் தான் இருக்கமாட்டார். “அந்தப் படத்தை எங்கடை முற்றத்திலை போட்டால் இருந்து பாப்பம்” என்று அவரே சொன்னாராம். அக்கா என்னிடம் துணியைக் கொண்டுவந்து தந்தபோது அவளுடைய முகத்தில் பல காலத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

முற்றத்தில் போடுவதற்கு முன் படம் ரவுணில் தியேட்டரில் ஓடியது. நான் போனேன். போவதற்கு முதலே சந்தையில் நையாண்டி தொடங்கிவிட்டது. “உங்கடை அத்தானாமே நடிச்சவர்? இந்தக் கிழமை பேனையிலை தேன் தொட்டுத்தான் எழுதுவியள் போலை!” எனக்குச் சுர்ரென்றது. உறவு பார்த்து எழுதுகிறவள் இல்லை நான் என்று எல்லோருக்கும் காட்டவேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டேன். படம் பார்க்க முதலே எடுத்த முடிவு.

அந்தக் காட்சி வந்தது. வாகனத்திலிருந்து மகனின் பெட்டியை இறக்குகிறார்கள். உள்ளே பெண்கள் கத்துகிறார்கள். வெளியே பந்தலில் அத்தான் நிற்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. பெட்டி கிட்ட வரும்போது குனிந்து ஒரு கதிரையை எடுத்து ஓரமாக வைக்கிறார். பக்கத்துக் கதிரையையும் நேராக்குகிறார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைப் பார்க்கிறார். எனக்குப் பின்னால் இருந்த ஒரு மனுசி, “உவர் தகப்பனோ, பந்தல்காரரோ?” என்று கேட்டாள். நாலைந்து வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் அரைப்பக்கத்தில் அது வந்தது: “மகன் பெட்டியில் வருகிறான், தகப்பன் கதிரை நேராக்குகிறார். தகப்பனா பந்தல்காரரா என்று ஒரு அம்மா கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரை எங்கேயாவது இரவல் வாங்கியிருக்கலாம்.” நன்றாக எழுதிவிட்டேன் என்று நினைத்து அன்று இரண்டு தரம் வாசித்தேன். சனம் முகநூலில் பகிர்ந்தது. சந்தியில் யாரோ அத்தானின் லொறியை மறித்து, “என்ன அண்ணை, கதிரையள் நேராக் கிடக்கோ?” என்று கேட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கனடாவிலிருந்து என் அண்ணை போன் எடுத்தார். வழக்கமாக, “என்னடி, இந்தக் கிழமை யாரைக் கிழிச்சனி?” என்று தொடங்குகிறவர். அன்று பகிடி இல்லை.

“நீ எழுதினதை வாசிச்சனான். ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நீ எங்கை நிண்டனி?”

“எண்டைக்கு?”

“எங்கடை பெடியன்ரை பெட்டி வந்தண்டைக்கு.”

“உள்ளுக்கை. அக்காவைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். ஏன் அண்ணை?”

“அதுதான். நீ உள்ளுக்கை. நாங்கள் இஞ்சை பனிக்குள்ளை இருந்து லைவிலை பாத்தனாங்கள். நான் அத்தானைப் பாத்தனான். அந்த வீடியோ இப்பவும் கிடக்கு, அனுப்பிவிடுறன். பார். பாத்திட்டு விமர்சனம் எழுது.”

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அவரே, “சரி, அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று வைத்துவிட்டார்.

இங்கே இப்போது சாவீடு என்றால் பந்தலுக்குச் சொல்லும்போதே வீடியோவுக்கும் சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கிற சனம் பார்க்கவேண்டுமே. ஆனால் வீட்டில் இருக்கிற நாங்கள் அதைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை. யாரால் முடியும்? நான் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து போனில் அதைப் போட்டேன். உள்ளே நாங்கள் கத்துகிற சத்தம் கேட்கிறது. அதில் என் குரலும் இருக்கிறது. கமெரா வெளியே, பந்தலில். வாகனம் வந்து நிற்கிறது. அத்தான் நிற்கிறார். அவருடைய பந்தல், அவருடைய கதிரைகள். பெட்டி கிட்ட வருகிறது. அவர் குனிந்து ஒரு கதிரையை எடுத்து ஓரமாக வைக்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைப் பார்க்கிறார்.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எங்கள் ஊரில் சாவீட்டில் பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. பெட்டியை வெளியே எடுக்கும்போது படலையோடு நாங்கள் நின்றுவிடுவோம். சுடலைக்கும் போவதில்லை. இத்தனை வயதுக்கு எத்தனையோ சாவீடு கண்டவள் நான். ஒரு தகப்பன் வெளியே எப்படி நிற்பான் என்று ஒருநாளும் கண்டதில்லை. நான் கண்ட தகப்பன்மார் எல்லாரும் கடல் தாண்டி வந்த படங்களில் நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தவர்கள். அவர்களை வைத்து இவரை அளந்திருக்கிறேன். அதைவிடக் கேவலம் ஒன்று: தியேட்டரில் அந்தப் பெட்டியைக் கண்டபோது எனக்கு என் பெறாமகன் நினைவுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு எழுதவேண்டிய அரைப்பக்கம்தான் வந்தது.

அக்காவிடம் போனேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். அவள் நிமிரவில்லை.

“வேண்டாமடி. நீ திருப்பி எழுதினால் சனம் திருப்பி வாசிக்கும்.” பிழிந்த துணியை உதறினாள். “நீ எழுதினது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. நானும் உள்ளுக்கைதானே கிடந்தனான். அவர் எப்பிடி நிண்டவர் எண்டு நானும் காணேல்லை. படத்திலை பாப்பம் எண்டு இருந்தனான்.”

மகனின் சாவில் புருசன் எப்படி நின்றார் என்பதை ஒரு படத்தில் பார்க்கக் காத்திருந்தவளின் பக்கத்துக் கதிரையை நான் வெறுமையாக்கியிருக்கிறேன். அவர் வராவிட்டால் அவளும் போகமாட்டாள். அவர் இனி எந்த முற்றத்திலும் இருக்கவும் மாட்டார்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் அத்தான் லொறியோடு என் படலைக்கு வந்து, கதிரைக்கு என்ன வெக்கம் என்று கேட்டார்.

“அத்தான்,” என்றேன். “நான் வீடியோ பாத்தனான்.”

“எந்த வீடியோ?”

“எங்கடை பெடியன்ரை.”

அவர் லொறிப் பக்கம் திரும்பி, கட்டியிருந்த கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

“நான் அண்டைக்கு உள்ளுக்கை இருந்திட்டன் அத்தான். உங்களைக் காணேல்லை. தெரியாமல் எழுதிப்போட்டன்.” தெரியாமல் என்பது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது. “இல்லை, தெரியாமலும் இல்லை. சனம் சிரிக்குமெண்டு எழுதினனான்.”

அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்தக் கதிரை வழியிலை கிடந்தது, பிள்ளை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வாறாங்கள், கீழை பாக்கமாட்டாங்கள். தடக்குப்பட்டால் அவன் எல்லே விழுவான்.”

படலையைப் பிடித்துக்கொண்டு, சேட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் இருக்க உதட்டைக் கடித்தேன். முடியவில்லை.

அத்தான் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். மேலிருந்த கதிரை ஒன்றை இறக்கி, வேப்பமர நிழலில் வைத்து, கையால் அழுத்தி ஆடுகிறதா என்று பார்த்தார். கதிரையின் ஒரு கால் மண்ணில் புதைந்தது. தூக்கி இரண்டடி தள்ளி வைத்து, மறுபடி அழுத்தினார். “இரு” என்றார். நான் இருந்தேன். அவர் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் அழுது முடியும்வரை தெருவைப் பார்த்தபடி நின்றார். பிறகு என் மடியில் கிடந்த சேட்டை எடுத்து, லொறியின் முன் ஆசனத்துத் தூசியைக் கையால் தட்டிவிட்டு, மடிப்புக் குலையாமல் அதன்மேல் வைத்தார்.