மதினியின் இரண்டு பிள்ளைகள்

கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அது நீலமாகவே நின்றுவிட்டால் அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேசுவோம். பச்சையானால் அண்ணன் முகம் சுருங்கும். மஞ்சளையும் தாண்டிச் செங்கல் நிறத்துக்குப் போனால் மதினி குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் கூந்தலை முடிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பிவிடுவாள். சிறுநீரில் சர்க்கரை எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்க அன்று எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. ஸ்பிரிட் விளக்கு அடுக்களைப் பக்கம் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். சைவ வீட்டு அடுக்களையில் மூத்திரத்தைக் காய்ச்சுவதா என்று அவள் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. மதினி புறவாசலில், கிணற்றடியில் நின்றுதான் பார்ப்பாள்.

மதினிக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன அன்றே அவளுடைய அப்பா எதையும் மறைக்கவில்லை. "பிள்ளைக்கு தெனம் ஊசி உண்டும். நாளைக்கு ஏமாத்திட்டான்னு என்னய ஒரு சொல் சொல்லப்பிடாது" என்றார், அந்த முக்கூடல்காரர். அம்மா காபியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்துவிட்டாள். அண்ணன் எழவில்லை. பிடித்தால் உடும்புப்பிடி என்பது எங்கள் வீட்டில் அண்ணனுக்குத்தான் பொருந்தும். கல்யாணம் நடந்தது, அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அட்சதை போட்டாள். அதன் பிறகு மதினியிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. பேசவேண்டியதையெல்லாம் வந்து போகிறவர்களிடம், மதினியின் காதில் விழும்படி பேசினாள். "பேரன் பேத்தியக் கொஞ்சதுக்கெல்லாம் நமக்குக் குடுப்பினை வேணும்லா!"

அவர்கள் பிள்ளை வேண்டாம் என்று இருக்கவில்லை. பாளையங்கோட்டையில் அவர்கள் பார்த்த டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: முதலில் சர்க்கரை சில மாதங்கள் அடங்கி நிற்க வேண்டும், பிறகுதான் பிள்ளை. இதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் இருவருக்குமே இல்லை. கோயிலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில்கூட "விசேஷம் உண்டுமா?" என்று கேட்டுக் கேட்டு மதினியைக் கரைத்துவிட்டார்கள். கடைசியில் சர்க்கரை அடங்கும் முன்பே மதினி உண்டாகிவிட்டாள். டாக்டரம்மா கோபப்பட்டார். பிறகு ஊசி மருந்தின் அளவை மாற்றி எழுதி, இனி ஒவ்வொரு வாய்க்கும் கணக்கு உண்டு என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா ஒரே நாளில் வேறு ஆளாகிவிட்டாள். கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மதினியைக் குனிய விடவில்லை, வாளி தூக்க விடவில்லை. டாக்டரம்மா சொன்னதையும் அவள் தன் பாணியில் கேட்டுக்கொண்டாள்: வீட்டிலிருந்து சீனியை ஒழித்தாள். சீனி டப்பாவைக் கழுவி உப்புப் போட்டு வைத்தாள். உடன்குடியிலிருந்து மாமாவிடம் சொல்லிக் கருப்பட்டி வரவழைத்தாள். காலையில் கருப்பட்டிக் காப்பி. சாயங்காலம் இடுப்புக்குப் பலம் என்று கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி. "சீனி மில்லுல செய்யிதது. எலும்பப் போட்டுல்லா வெளுக்காங்க! கருப்பட்டி பனை குடுக்குதது. பனை யாருக்காவது கேடு செய்யுமாட்டி? குடி." அந்த நாளில் எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நம்பினார்கள். நானும் நம்பினேன்; என் பங்குக் களியையும் மதினிக்கு எடுத்து வைப்பேன்.

குழாயில் செங்கல் நிறம் அடிக்கடி வந்தது. மதினி ஊசி மருந்தைத் தானாகவே கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டாள். அது எங்களுக்குத் தெரியாது. சில நாள் பகல் பதினொரு மணிக்கெல்லாம் வேர்த்துக் கொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். மசக்கை என்பாள் அம்மா.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. ஆண் பிள்ளை. நல்ல கனம், தலை நிறைய முடி. உயிர் இல்லை. அண்ணனும் மதினியின் அப்பாவும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். மதினியிடம் முகத்தை மட்டும் ஒரு தடவை காட்டினார்கள்.

என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது அம்மாதான் முந்திக்கொண்டு, பெருமையாகவே சொன்னாள். "கருப்பட்டியும் சர்க்கரைதாம்மா" என்றார் அவர். அதனால்தான் பிள்ளை போனது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, இந்த நோயில் எல்லாம் சரியாக இருந்தும் இப்படி நடப்பதுண்டு என்றும் சொன்னார். அம்மாவுக்கு முதல் வாக்கியத்துக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மதினியின் கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஒனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும் அத்தே."

"பெறவு ஏன் குடிச்ச?"

"நீங்க மொத மொதல்ல ஆசையா நீட்டுனது. எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்? ஊசியக் கூட்டிச் சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்."

அம்மா வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றுதான். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அம்மா தன் கையால் மதினிக்கு எதுவும் கொடுத்ததில்லை. சமைப்பாள், எடுத்து நீட்டமாட்டாள். மதினி கேட்டால், "நீயே எடுத்துக்கோம்மா" என்பாள். பழைய பகை இல்லை அது. பகையாக இருந்திருந்தால் மதினிக்கு லேசாக இருந்திருக்கும். அண்ணன் பிள்ளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். டாக்டரம்மாவும் இன்னொரு பிரசவம் கண்ணைப் பாதிக்கலாம் என்றார். "பேரன் வேண்டாம் தாயி, நீ கண்ணோட இருந்தாப் போதும்" என்று அம்மாவே சொன்னாள். கேட்கவில்லை மதினி. இந்தத் தடவை ஒரு வருடம் போலச் சர்க்கரையை அடக்கி, அளந்து தின்று, யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாமல் இருந்து, அதன் பிறகே உண்டானாள்.

நாள் முழுதாகும் முன்பே அறுவை செய்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள். தியேட்டருக்குள் போகும் முன் மதினி அம்மாவின் கையைப் பிடித்தாள். "சேனை நீங்கதான் வைக்கணும் அத்தே." பிறந்த பிள்ளையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் முதன்முதலில் இனிப்புத் தண்ணீர் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை என்போம். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அம்மா கையை உருவிக்கொண்டாள்.

பெண் குழந்தை. அழுதது. நாங்கள் மூச்சுவிடுவதற்குள் நர்ஸ் பிள்ளையும் சங்கும் குளுக்கோஸ் தண்ணீருமாக வெளியே வந்தாள். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் பிறந்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிப்போகுமாம். பிள்ளையின் கைகால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பாவப் பெத்தவங்க யாரு? வாங்கம்மா, இதக் குடுங்க."

"என் கையால இனிப்பா? வேண்டாம் தாயி. வேற யாரையாவது குடுக்கச் சொல்லு."

"இனிப்பு போகலேன்னா பிள்ளைக்கு வலிப்பு வந்துரும். பிடிங்கம்மா!"

அம்மா சங்கைப் பிடித்தாள். ஒவ்வொரு சொட்டுக்கும் நர்ஸைப் பார்த்து, "போதுமா? கூடிராதுல்லா?" என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள். மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது. அதற்குப் பிறகும் அம்மா சங்கைக் கீழே வைக்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. மதினிக்கு ஒரு கண் போய்விட்டது. மறு கண்ணில் ஆள் அசைவது தெரியும். மகள் வேலைக்குப் போகிறாள், வீட்டையும் ஆட்டி வைக்கிறாள். போன மாதம் நான் போயிருந்தபோது, மாத்திரை நேரம் தவறியதற்காகத் தாயையும் தகப்பனையும் சேர்த்து வைத்து ஏசினாள். அப்படியே எங்கள் அம்மா. "சேனை வச்ச கை அப்படி" என்றேன். எல்லோரும் சிரித்தோம். மதினியும் சிரித்தாள். மகள் உள்ளே போன பிறகு, நான் இருக்கும் திசையைப் பார்த்துப் பையக் கேட்டாள்.

"மூத்தவனுக்கு யாருமே வைக்கலியே. அவன் யாரு கொணமும் இல்லாமலா போனான்?"