நியூஜெர்சி நம்பர்

காலை ஆறு மணிக்கு லுங்கிக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டி, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, சிலுவைமுத்து அமெரிக்கக்காரன் ஒருவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. எவனோ காருக்கு இன்சூரன்ஸ் விற்கிறான். "நோ கார், சார். ஒன்லி ஸ்கூட்டர், சார். தேங்க் யூ, சார்." போனை வைத்துவிட்டு அடுப்படியில் நிற்கும் மனைவி பெர்சிஸைப் பார்த்து, "எவ்வளவு மரியாதையாப் பேசுதான் பாத்தியா?" என்கிறார். பெர்சிஸ் பார்க்கவில்லை. அவளுக்குப் பால் பொங்குகிறது.

வாரத்துக்கு நான்கு நாள் இப்படி யாராவது கூப்பிடுகிறார்கள். எவன் கூப்பிட்டாலும் சட்டை போடாமல் எடுப்பதில்லை.

காசிமேட்டில் கயிறு, வலை, நங்கூரம் விற்கிற கடை அவருடையது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறது. மகன் பெனிட்டோ நியூஜெர்சிக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து அப்பாவும் அங்கேதான் குடியிருக்கிறார். உடம்பு மட்டும் ராயபுரத்தில். நைலான் கயிறு கேட்டு வருகிற ஆளை, உப்புக்காற்றில் வேர்த்து வழிகிற ஆளை, நிறுத்தி வைத்து அங்கே பனி எத்தனை அங்குலம் பெய்தது என்று சொல்வார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "கேட்டியா" உண்டு. கேட்காதவனுக்குக் கயிறு கிடைப்பது தாமதமாகும். வீட்டில் இரண்டு கடிகாரம். நியூஜெர்சி நேரம் காட்டுகிற கடிகாரத்துக்குத்தான் புது பேட்டரி.

சென்ற வருடக் கடைசியில் பெனிட்டோ ஊருக்கு வந்த நண்பன் ஒருவனிடம் ஒரு கறுப்புப் பெட்டி கொடுத்தனுப்பினான். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கேபிள்காரர் தமீம் வந்து பிராட்பேண்ட் இழுத்து, மோடத்தை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்து, அதில் இந்தப் பெட்டியைச் செருகி, பெட்டியில் ஒரு போனைச் செருகிக் கொடுத்தார். போனுக்கு நியூஜெர்சி நம்பர். மகனுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி. நல்ல ஏற்பாடுதான், யாரும் குறை சொல்ல முடியாது. பழைய லைனும் இருக்கட்டும் என்று தமீம் சொன்னார். "கரண்ட் பூட்ச்சுன்னா இது செத்துடும் நைனா. அது மட்டும்தான் பேசும்."

"ஒரு வீட்டுக்கு ரெண்டு போன் எதுக்குடே? அதெல்லாம் பழைய டெக்னிக்" என்றார் சிலுவைமுத்து. மறுநாளே பழைய போனைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய் டெலிபோன் ஆபீசில் ஒப்படைத்து, லைன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பெர்சிஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பழைய போன் பெயரளவில்தான் அவருடையது. தெருவில் பதினேழு வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த நம்பரைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதியிருந்தார்கள். போன் பிறத்தியார் வீட்டில் இருக்கிறது, கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தம். கூப்பிட்டுக் கொடுத்தது பெர்சிஸ். அடுப்பை அணைத்துவிட்டு, பாதி சீவிய தலையோடு, பதினெட்டு வருடம் தெருக்கோடி வரை ஓடியிருக்கிறாள். பிள்ளை பிறந்ததும், ஆள் செத்ததும், துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் முதலில் அவள் காதில் விழுந்துதான் தெருவுக்குப் போயிருக்கின்றன. சிலுவைமுத்து ஒரு நாளும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. "பெர்சிஸ், எவளுக்கோ போன்" என்பதோடு அவர் சேவை முடிந்தது.

இப்போது அடுத்த தெருவிலிருந்து இந்த வீட்டுக்குப் பேச ஐ.எஸ்.டி. போட வேண்டும். இதைச் சொன்னால் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கடைப் பலகையில் பெயிண்டரைக் கூப்பிட்டுப் பதினோரு இலக்கத்தையும் சிவப்பில் எழுதி வைத்தார். இத்தனைக்கும் செல்போன் வைத்திருக்கிறார். எவன் எந்த ஆஃபர் கொடுத்தாலும் அந்த சிம்முக்கு மாறிவிடுவார் என்பதால் அந்த நம்பர் யாருக்கும் தெரியாது, அவருக்கே சந்தேகம்தான். பெர்சிஸுக்குச் செல்போன் கிடையாது. வீட்டில் அமெரிக்கா போன் இருக்கும்போது பொம்பளைக்கு எதற்கு என்பது அவர் கட்சி.

ஆகஸ்டில் அன்புமணியின் படகு திரும்பவில்லை. மூன்றாம் வீட்டுச் செங்கொடியின் புருஷன் அன்புமணி விசைப்படகு ஓட்டுகிறவர். ஐந்து நாளில் வர வேண்டியவர் ஏழாம் நாளும் வரவில்லை. படகின் சொந்தக்காரர் மீன்துறை ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, தேடுகிறார்கள் என்றார். வேறு ஊர்க் கரையில் எங்காவது ஒதுங்கினால் ஆண்கள் முதலில் தேடுவது ஒரு போனை. செல்லில் ஏற்றிய நம்பர்கள் செல் நனைந்தால் போய்விடும். மனப்பாடமாக இருப்பது இந்த பி.பி. நம்பர் ஒன்றுதான். கரையில் இரண்டு நாள் தங்கினால் அதிகம் என்கிற அன்புமணியிடம் அது போய்விட்டதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

செங்கொடி காலையில் வந்தாள், மதியம் வந்தாள், விளக்கு வைத்த பிறகு வந்தாள். படியில் ஏறாமல் கீழேயே நின்றாள். "எதுனா வந்துச்சாக்கா?" என்று கேட்டாள். அந்தப் பழைய போனே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கால் இங்கேதான் இழுத்து வந்தது. பெர்சிஸுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சிலுவைமுத்துதான் பார்த்தார். ஒரு தாளில் புது நம்பரைப் பளிச்சென்று எழுதி, முன்னால் இரண்டு சைபர் போட வேண்டும் என்று விளக்கி, "அன்புமணிட்ட இதக் குடுத்துரு" என்று நீட்டினார். நடுக்கடலில் இருக்கிறவனிடம் கொடுக்கச் சொல்கிறார். செங்கொடி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு பெர்சிஸைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பெர்சிஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் பெர்சிஸ் தனியாக டெலிபோன் ஆபீசுக்குப் போனாள். நம்பர் இன்னும் யாருக்கும் போகவில்லை, யார் பெயரில் இருந்ததோ அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பார்க்கலாம் என்று விண்ணப்பம் தந்தார்கள். அதைக் கொண்டுவந்து கடையில் அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், பெனிட்டோவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றார், அங்கே இப்போது தூங்கிக்கொண்டிருப்பான் என்றார்.

"அந்த மனுசன் போன் போட்டா எங்க அடிக்கும்?" என்று கேட்டாள் பெர்சிஸ். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் கடையில் வைத்து அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"நாளைக்குப் பாப்போம், கேட்டியா" என்று விண்ணப்பத்தை மடித்து நங்கூரச் சங்கிலிக்கு அடியில் வைத்தார்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அன்புமணி கொருக்குப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி நடந்தே வந்தார். யாரோ கொடுத்த சட்டை, காலில் செருப்பில்லை. என்ஜின் நின்று, வயர்லெஸ்ஸும் கெட்டு, ஆந்திராக் கரையில் ஒரு குப்பத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். தன் வீட்டைத் தாண்டி, செங்கொடியையும் கையோடு அழைத்துக்கொண்டு, நேராக பெர்சிஸ் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார். பெர்சிஸ் படியிறங்கி ஓடினாள். உள்ளே நாற்காலியில் சிலுவைமுத்து.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் பெர்சிஸ் நினைத்தாள். அன்புமணி அவள் வீட்டுச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"கர ஏறுனதும் மூணு வாட்டி போட்டேன்க்கா. அந்த மாரி நம்பரே கெடையாதுன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. மறுக்கா சுனாமி பூந்துடுச்சு, தெருவே பூட்ச்சுன்னு நென்ச்சிகினேன். அங்க கீறவங்க ஒண்ணும் ஆவலன்னாங்க. மன்சு கேக்கல. ரெண்டு நாளு சோறு துன்னலக்கா. உங்களுக்கும் சேத்துதான் அய்துகினு இருந்தேன்."

செங்கொடி அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது உடைந்தது. பெர்சிஸின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குரலெடுத்து அழுதாள். பெர்சிஸுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி உள்ளே பார்த்தாள். இப்போதாவது அந்த மனிதர் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

அவரும் எழுந்தார். வாசலைப் பார்த்து வாயைத் திறக்கவும் செய்தார். அதற்குள் போன் அடித்தது. பெனிட்டோ. சிலுவைமுத்து அவசரமாகச் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு எடுத்தார்.

"ஆமாப்பா, நல்லாக் கேக்கு. பக்கத்துல இருந்து பேசுத மாதிரி இருக்கு." மகன் என்ன சத்தம் என்று கேட்டிருக்க வேண்டும். "ஒண்ணும் இல்லடே. தெருச் சத்தம்."

போன் வயர் வாசல் வரை எட்டவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வலது காலை நீட்டிக் கதவைத் தள்ளிச் சாத்தினார். வெளியே அன்புமணியும் செங்கொடியும் நின்றார்கள். அவர்களோடு பெர்சிஸும்.